ஆத்மநாத வாத்தியாரின் சைவ வாரம்

ஆத்மநாத வாத்தியார் ஒரு காரியத்தைத் தொடங்கினால் அது ஊருக்கே தெரிந்துவிடும். முடித்தது மட்டும் யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்று நடந்ததில்லை.

அரிமளத்துக்குத் தெற்கே மூன்று மைல் நடந்தால் மருதங்குடி. அங்கே இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் அவர் தலைமை வாத்தியார், நான் உதவி வாத்தியார். மூன்றாவதாக ஒரு வாத்தியார் கிடையாது. ஆகவே அவருடைய தலைமை முழுவதும் என் ஒருவன் தலைமேல்தான் இருந்தது. எனக்குச் சொந்த ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் படுத்துக்கொண்டு, இரண்டு வேளையும் வாத்தியார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தர்கள் எல்லாவற்றையும் நானே எழுதினேன். கடைசியில் கையெழுத்து மட்டும் அவர் போடுவார். அதையும் அழகாகப் போடுவார்.

நான் அந்த ஊரில் நாலு வருஷம் நிலைத்ததற்குக் காரணம் சம்பளமல்ல, மீனம்மாள் அக்காவின் கை. வாத்தியாரின் மனைவி. அக்கா வைக்கிற மீன் குழம்பு வாசனைக்குத் தெருவில் போகிறவர்கள் நடையைக் குறைத்துக்கொள்வார்கள். அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் வாத்தியார் எடுத்துக்கொண்டதால், வேலை முழுவதும் அக்காவுக்கு மிஞ்சியிருந்தது. பிள்ளைகள் இரண்டும் அரிமளத்தில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தன. அதனால் நான் சொல்லப்போகிற வாரத்திலிருந்து அவை தப்பித்தன.

அதற்கு முன்னால் வாத்தியார் ராட்டை சுற்றியிருக்கிறார். ஒரு விளக்குத் திரிக்குத் தேவையான நூல் கிடைத்ததும் ராட்டை பரணுக்குப் போனது. ஹோமியோபதிப் பெட்டி ஒன்று வாங்கி, ஊரில் யார் தும்மினாலும் நாலு வெள்ளை உருண்டை கொடுத்தார். மாட்டுக்கும் கொடுத்தார். மாடு பிழைத்துக்கொண்டது. விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல் ஆயுளைக் கூட்டும் என்று ஒரு மார்கழியில் ஆரம்பித்து, நாலாம் நாள் காய்ச்சலில் படுத்தார். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு புஸ்தகம் இருக்கும். முன்னால் நின்று அந்தப் புஸ்தகத்தின்படி வேலை செய்ய அக்கா இருப்பார்.

நான் சொல்வது யுத்தம் ஆரம்பிப்பதற்கு ஆறு மாசம் முந்தி, பங்குனி மாதம். வாத்தியார் புதுக்கோட்டைக்குப் போய்விட்டு வந்தவர், ரயிலடியில் கிடைத்ததென்று ஒரு புஸ்தகம் கொண்டுவந்தார். அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கமும் இல்லை. மிச்சம் இருந்த பக்கங்கள், மனிதன் ஏழு நாள் மாமிசத்தையும் மீனையும் விட்டால் அவனுக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று சொல்லின. முதல் நாள் கண் தெளியும். மூன்றாம் நாள் கோபம் குறையும். ஐந்தாம் நாள் குரல் இனிமையாகும். ஏழாம் நாள் முகத்தில் ஒரு ஒளி வரும்.

வாத்தியாருக்கு ஒளி வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட்டு, நல்லி எலும்பை உறிஞ்சி இலை ஓரத்தில் வைத்துவிட்டு, கை கழுவாமலே அறிவித்தார். நாளை முதல் ஏழு நாளைக்கு இந்த வீட்டில் உயிருள்ள பிராணி எதுவும் அடுப்பேறாது.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்க மட்டுமா, நாங்களுமா?"

"வீடுன்னா எல்லாருந்தான்" என்றார் வாத்தியார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கமுத்து, நீயும் இந்த வீட்டு ஆளுதானேப்பா."

அவர் என்னை அந்த வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலையில் எடை பார்க்கவேண்டும் என்றார். ஊரில் தராசு என்று இருந்தது கடலை மண்டியில் மட்டும். மண்டிக்கார ஆண்டிச்சாமி மூட்டை நிறுக்கும் தராசுத் தட்டில் ஒரு சாக்கை விரித்து, தலைமை வாத்தியாரை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரவைத்து, அடுத்த தட்டில் படிக்கல்லை ஏற்றினார். நூற்று நாற்பத்தொரு ராத்தல். கடலை வாங்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இனி ஏழு நாளில் இந்த உடம்பு இறகு மாதிரி ஆகிவிடும் என்று வாத்தியார் தட்டில் உட்கார்ந்தபடியே அவர்களுக்கு விளக்கினார்.

சைவம் என்றால் எளிமை என்று புஸ்தகத்தில் போட்டிருந்தது. அந்த எளிமை எப்படி இருந்ததென்றால், வழக்கமாக ஒரு சட்டி மீன் குழம்பும் சோறும் முடித்துவிடும் வேலையை இப்போது கூட்டு, பொரியல், பச்சடி, பருப்பு, ரசம் என்று ஐந்து பாத்திரங்கள் செய்தன. விடியலில் ஊறவைத்த பச்சைப்பயறு. பத்து மணிக்கு மோரில் கறிவேப்பிலை அரைத்துக் கலந்தது. சாயங்காலம் சுண்டல். பங்குனி வெயிலில் எங்கள் பக்கம் காய்கறி எங்கே விளைகிறது? அக்கா காலையில் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பாசனம் உள்ள தோட்டமாகத் தேடிப் போய், நாலு கத்தரிக்காயும் ஒரு சீப்பு வாழைக்காயும் கேட்டு வாங்கி வருவார். கொல்லையில் நின்ற முருங்கை மரம் புதன்கிழமைக்குள் மொட்டை அடித்ததுபோல் ஆகிவிட்டது. வாத்தியார் அதைப் பார்த்து, இயற்கை எவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறது பாருங்கள் என்றார்.

பள்ளிக்கூடத்தையும் அவர் விடவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கில், ஒரு கூடையில் இருபத்துநாலு கெண்டை மீன் இருந்தால் ஆறு பேருக்கு எத்தனை என்று வழக்கமாக ஒன்று வரும். கெண்டையை அழித்துக் கத்தரிக்காய் என்று போட்டார். பிள்ளைகள் விடையைத் தப்பாகச் சொன்னார்கள். ஆறு பேர் சேர்ந்து இருபத்துநாலு கத்தரிக்காயைப் பங்கு போட்டுத் தின்பார்கள் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வாத்தியாருக்குத் தலைவலி. உள்ளே இருக்கிற கழிவு வெளியேறுகிறது என்றார். புதன்கிழமை வயிற்றில் வாயு. அதுவும் வெளியேறியது, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே. கோபம் குறையவேண்டிய அந்த மூன்றாம் நாளில்தான், சிலேட்டைக் கீழே போட்ட இரண்டு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினார்.

அன்றைக்குச் சாயங்காலம் ராக்கன் தமுக்கு அடித்துக்கொண்டு தெருவில் வந்தான். பெரிய கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது, வருகிற சனிக்கிழமை மீன் பிடிக்கிறோம், உள்ளூர் அசலூர் எல்லாரும் வரலாம் என்று சொல்லிப் போனான்.

வாத்தியார் அப்போது சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. சனிக்கிழமை என்பது சைவத்தின் ஆறாம் நாள்.

எங்கள் பக்கத்தில் கண்மாய் மீன்பிடி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வருஷம் முழுவதும் யாரும் கண்மாயில் கை வைக்கக்கூடாது. வெயில் ஏறித் தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் குறித்து, சுற்றுவட்டாரத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்கிப் பிடிக்கும். ஆனால் தன்னிஷ்டத்துக்கு இறங்க முடியாது. ஊரில் உரிமைக்காரர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசவேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் முதல் கால் தண்ணீரில் படும். மருதங்குடியில் அந்த உரிமை வாத்தியார் வீட்டுக்கு. அவருடைய அப்பா இருந்தவரை அவர் வீசினார். அவர் போன பிறகு இவர் வீசுகிறார். இந்த விவரத்தைச் சைவத்துக்கு நாள் குறிக்கும்போது வாத்தியார் யோசிக்கவில்லை. ஒளியை மட்டும் யோசித்தார்.

வியாழக்கிழமை இன்னாசி வந்தான். கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து சைக்கிளில் கருவாட்டுக் கூடை கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருகிறவன். வாத்தியார் வீட்டில் வாரம் தவறாமல் வாங்குவார்கள். அன்றைக்கு அக்கா வாசலுக்கு வந்து, வேண்டாம் இன்னாசி, இந்த வாரம் எடுக்கலை என்றார். இன்னாசி முகம் மாறிவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"யாருக்கும்மா? பெரியவங்க யாரும் தவறிட்டாங்களா?"

யாரும் சாகவில்லை என்பதை அவனுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. யாரும் சாகாத வீட்டில் எதற்காகக் கருவாட்டை நிறுத்துவது என்பது அவனுக்கு விளங்கவில்லை. வாத்தியார் வெளியே வந்து விளக்கினார். இன்னாசி மரியாதையாகக் கேட்டுவிட்டு, தங்களுக்கும் இது தவக்காலந்தான் என்றும், ஈஸ்டர் வரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் கறி தொடமாட்டோம் என்றும் சொன்னான்.

"மீனு?" என்று வாத்தியார் கேட்டார்.

"மீனு கறியில்லைங்களே, சாமி. மீனு திங்கலாம்னு எங்க சாமியாரே சொல்லியிருக்காரு."

வாத்தியார் அந்த மதத்தைப் பற்றி அதற்கு முன்னால் அவ்வளவு மரியாதையோடு விசாரித்து நான் பார்த்ததில்லை. கால் மணி நேரம் கேட்டார். அக்கா கூடைக்குப் பக்கத்திலேயே நின்று, எடுக்கவா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தெருவில் ஆள் கூடிவிட்டதால் வாத்தியார் பெருமூச்சு விட்டு, வேண்டாம் என்றார். சைக்கிள் முக்குத் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலமே ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். பழனிச்சாமி என்பவர்தான் பேசினார். வாத்தியார் விரதத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், சந்தோஷம், விரதத்தில் இருக்கிறவரைக் கண்மாய்க் கரைக்குக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய எங்களுக்கு மனசில்லை, இந்த வருஷம் மட்டும் மேலத்தெருக்காரர்கள் துண்டு வீசட்டும் என்றார். குரலில் அவ்வளவு பணிவு. மேலத்தெருவுக்கும் வாத்தியார் வீட்டுக்கும் இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இந்த வருஷம் மட்டும் என்று கொடுத்தது எதுவும் எங்கள் பக்கத்தில் திரும்பி வந்ததும் கிடையாது.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு, நான் எதையும் கொல்லப்போவதில்லை, எதையும் தின்னப்போவதில்லை, ஒரு துணியைத்தான் அசைக்கப்போகிறேன் என்றார்.

"துண்டு பருத்தியில நெஞ்சதுதானே. அதுல என்ன அசைவம் இருக்கு?"

பழனிச்சாமி, அது சரிதான் வாத்தியாரே என்று எழுந்துகொண்டார். வாசலைத் தாண்டும் வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனதற்கு அவரைப் பாராட்டவேண்டும்.

சனிக்கிழமை விடியும்போதே கண்மாய்க் கரையில் ஆயிரம் பேருக்குமேல் நின்றார்கள். முக்கால்வாசிப் பேர் கையில் ஊத்தா. அடியில் அகலமும் மேலே குறுகலுமாக, மூங்கில் குச்சியில் பின்னிய அடியில்லாக் கூடை அது. சேற்றில் பக்கென்று குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பார்கள். ஊத்தா இல்லாதவர்கள் வலை வைத்திருந்தார்கள். வலையும் இல்லாதவர்கள் பழைய சேலையை இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். வாத்தியார் குளித்துத் திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டி, மடைமேல் ஏறி நின்றார். ஆறு நாள் ஜீவகாருண்யம் முகத்தில் தெரிந்தது. துண்டை எடுத்து மூன்று தடவை தலைக்குமேல் சுற்றி வீசினார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை அந்தப் புஸ்தகம் எழுதியவர் பார்த்திருந்தால் மிச்சப் பக்கங்களையும் கிழித்துப் போட்டிருப்பார். ஆயிரம் பேர் ஒரே கூச்சலில் இறங்கினார்கள். தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் குழம்பு நிறமாகிவிட்டது. கெளுத்தியும் கெண்டையும் காலுக்கு நடுவில் துள்ளின. இத்தனைக்கும் அனுமதி கொடுத்தவர் மடைமேல் கை கட்டிக்கொண்டு, கண்ணைத் தூரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம் அப்படி நின்றிருப்பார். பிறகு, கூட்டத்தில் பிள்ளைகள் மிதிபட்டுவிடப்போகிறார்கள், ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வேட்டியை மடித்துக் கட்டினார். நான் பின்னாலேயே போனேன். முதலில் கரையோரம் நடந்தார். பிறகு கணுக்கால் தண்ணீரில் நடந்தார். பிறகு முழங்கால். பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் இல்லை. வாத்தியார் இளவயசில் ஊத்தா இல்லாமல் வெறுங்கையில் விரால் பிடிக்கிறவர் என்று ஊரில் சொல்வார்கள். நான் நம்பினதில்லை. அன்றைக்குப் பார்த்தேன். நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நின்றார். காலடியில் ஏதோ அசைந்திருக்கவேண்டும். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. உடம்பு மட்டும் குனிந்தது. இரண்டு கையும் சேற்றுக்குள் போயின. மேலே வரும்போது ஒரு விரால், முழங்கை நீளம், தொடை கனம், அவர் நெஞ்சோடு சேர்ந்து துடித்துக்கொண்டிருந்தது. செவுளுக்குள் விரல் சரியாக இறங்கியிருந்தது.

புஸ்தகத்தில் சொன்ன ஒளியை நான் அப்போதுதான் அவர் முகத்தில் பார்த்தேன்.

அடுத்த நிமிஷம் என்னையும் பார்த்துவிட்டார்.

"இது தானா வந்துச்சு, தங்கமுத்து" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் ஊத்தாவைச் சேற்றிலேயே விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். வாத்தியார் மீனை விடவில்லை. சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, இதை நான் பிடிக்கவில்லை, காப்பாற்றியிருக்கிறேன், இப்போது விட்டால் இந்தக் கூட்டத்தில் எவன் ஊத்தாவிலாவது மாட்டிச் செத்துப்போகும் என்றார். அவர் சொன்னது உண்மைதான். அப்படியானால் இதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள். திங்கட்கிழமை வரைக்கும் வீட்டில் பத்திரமாக இருக்கும் என்றார். திங்கட்கிழமைக்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

வீட்டில் நெல் அவிக்கிற பெரிய அண்டா ஒன்று இருந்தது. அக்கா அதில் கிணற்றுத் தண்ணீரை நிரப்ப, வாத்தியார் விராலை உள்ளே விட்டார். விரால் துள்ளி வெளியே விழும் என்பதால் மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார்கள். உரிமைப் பங்காக ஊரிலிருந்து வந்த மீனை, வாசனையே இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று அடுத்த வீட்டுக் காத்தாயிக்குக் கொடுத்துவிட்டார். காத்தாயி அதைத் தன் வீட்டில் பொரித்தாள். வாசனை சுவர் ஏறி வந்தது. அன்றைக்கு அந்த ஊரில் மீன் பொரிக்காத வீடு ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் அக்கா வாழைக்காயை மீன் துண்டம் மாதிரியே சாய்த்து நறுக்கி, மீனுக்குப் போடுகிற மசாலாவை அப்படியே தடவிப் பொரித்து வைத்தார். வாத்தியார் பதினோரு துண்டு சாப்பிட்டார். சைவத்தில் இல்லாத ருசி எதில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது வாத்தியார் உள்ளே சாயங்காலப் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஏழு நாள் அனுபவத்தை ஊருக்குச் சொல்வதாக ஏற்பாடு. அக்கா கொல்லையில் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். முந்தின நாளிலிருந்து அது மூன்றாவது தடவையாகத் தண்ணீர் மாற்றுவதாம். கூடையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, கையில் ஒரு பிடி சோற்றை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விரால் அடியிலிருந்து மெதுவாக மேலே வந்து, வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பக் கீழே போயிற்று.

"சோத்தத் தொடமாட்டேங்குது தம்பி" என்றார் அக்கா. "அதுக்குச் சைவம் ஆகாது போல."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த சோற்றைக் காக்கைக்குப் போட்டுவிட்டுத் திரும்பவும் வந்து நின்றார். விரால் மறுபடியும் மேலே வந்தது.

"மூச்சு விட வருது பாருங்க. ராத்திரி படுத்திருக்கறப்பக்கூட அந்தச் சத்தம் கேட்டுச்சு. இத்தன வருசமா மீன அடுப்புக்குப் போற வழியிலதான் பாத்திருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். கூடையை மூடிக் குழவியை வைத்துவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் பிரசங்கத்துக்கு முன்னால் கடலை மண்டியில் மறுபடியும் எடை. ஆண்டிச்சாமி படிக்கல்லை வைத்தார், எடுத்தார், இன்னொன்றை வைத்தார். நூற்று நாற்பத்துநாலு. இறகு மாதிரி ஆகவேண்டியவர் மூன்று ராத்தல் கூடியிருந்தார். பருப்பும் நெய்யும் சுண்டலும் பொரித்த வாழைக்காயும் தங்கள் கடமையைச் செய்திருந்தன. தராசு தப்பு என்று வாத்தியார் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவரல்ல. பள்ளிக்கூடத்து வாசலில் கூடியிருந்த ஜனங்களிடம் உண்மையைச் சொன்னார்.

"உடம்பு லேசாயிருச்சு. எடை மட்டுந்தான் கூடியிருக்கு."

ஜனங்கள் முந்தின நாள் மீன் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். எறும்புக்கும் யானைக்கும் உயிர் ஒன்றே என்றார். பிற உயிரின் வேதனை தன் வேதனையாகத் தெரிகிறவனே மனிதன் என்றார். நன்றாகத்தான் பேசினார். நானே இரண்டு இடத்தில் என்னை மறந்து தலையாட்டினேன். முடிவில் பழனிச்சாமி எழுந்து, அண்டாவில் இருக்கிற உயிர் சௌகரியமாக இருக்கிறதா என்று விசாரித்தார். வாத்தியார் அசரவில்லை. ஏழு நாள் என்று வாக்குக் கொடுத்தேன், ஏழு நாள் இருந்துவிட்டேன், வாக்கைக் குறைப்பது எவ்வளவு தப்போ, கூட்டுவதும் அவ்வளவு தப்பு என்றார். கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வாத்தியார் கொல்லைக்குப் போய்க் கூடையை நீக்கி, விராலைப் பார்த்துவிட்டு வந்து, மாங்காய் போட்டுக் குழம்பு வை, தலையைத் தனியாக எடுத்துவை என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா அரிவாள்மணையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். "நீங்க ஆஞ்சு குடுத்துருங்க. நான் குழம்பு வைக்கிறேன்."

அந்த வீட்டில் அப்படி ஒரு வேலையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வாத்தியார் அரிவாள்மணையைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். மணி ஏழுகூட ஆகவில்லை. அன்றைக்கு நான் வகுப்பறையைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார். அப்படி நடந்ததும் அதுதான் முதல் தடவை. கடைசியில் காத்தாயிதான் வந்து, சாம்பலைத் தொட்டு விராலைப் பிடித்து, அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆய்ந்து சட்டியில் போட்டுக் கொடுத்தாளாம். அதுவரைக்கும் அக்கா கிணற்றடியில் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தார் என்று காத்தாயி பிற்பாடு சொன்னாள்.

மத்தியானம் குழம்பு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். நான் பொய் சொல்லமாட்டேன். அதைப்போல ஒரு விரால் குழம்பை நான் அதற்கு முன்பும் சாப்பிட்டதில்லை, பின்பும் சாப்பிட்டதில்லை. வாத்தியார் மூன்று தடவை சோறு வாங்கினார். ஒரு வாரம் விட்டுச் சாப்பிட்டால்தான் ருசி தெரிகிறது, இதுவும் சைவத்தின் பலன்தான் என்றார். நானும் இரண்டு தடவை வாங்கினேன். எறும்பும் யானையும் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நாங்கள் எழுந்த பிறகு அக்கா உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்க நான் உள்ளே போனபோது பார்த்தேன். மோரும் சோறும், முந்தின நாள் மிஞ்சிய கத்தரிக்காய்ப் பொரியலும். குழம்புச் சட்டி எட்டத்தில் மூடியிருந்தது. சட்டியில் மீன் இருந்தது. தீர்ந்துபோகவில்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். எங்களுக்குக் கெளுத்தியும், கறியும், இன்னாசியின் கருவாடும் பழையபடி வந்துகொண்டிருந்தன. அக்கா தன் தட்டில் ஒரு கீரையோ, ஒரு துவையலோ வைத்துக்கொண்டார். வாத்தியார் இதைக் கவனித்தபோது தமிழ் வருஷமே மாறிவிட்டிருந்தது. சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து, நீ ஏன் மீன் எடுக்கவில்லை, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார்.

"பிடிக்கலைங்க" என்றார் அக்கா.

வாத்தியாருக்கு அது போதவில்லை. விரதமா, வேண்டுதலா, எத்தனை நாளைக்கு என்று கேட்டார். நாள் கணக்கெல்லாம் ஒன்றும் இல்லை என்று அக்கா சொல்லிவிட்டு, அவர் இலையில் இன்னொரு அகப்பை குழம்பை ஊற்றினார்.

நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் கல்யாணமாகி, குன்றாண்டார்கோவில் பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் மருதங்குடிக்கு அவ்வப்போது போய்வருவேன். வாத்தியார் நடுவில் ஹார்மோனியம் கற்றுக்கொண்டார். யுத்தத்தில் அரிசி தட்டுப்பட்டபோது, வரகுதான் மனிதனுக்கு உகந்த ஆகாரம் என்று பத்து நாள் சொன்னார். அரிசி கிடைத்ததும் நிறுத்திக்கொண்டார். அக்கா அந்தப் பத்து நாளும் வரகு குத்தினார்.

மீன் விஷயம் மட்டும் மாறவில்லை. அக்கா யாரிடமும் அதைப் பற்றிப் பேசினதில்லை. விசேஷ வீடுகளுக்குப் போனால் ரசம் மட்டும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். ஏன் என்று கேட்பவர்களுக்கும் அந்த ஒரே பதில்தான். பிடிக்கலை. தான் சாப்பிடாத மீனை மற்றவர்களுக்குச் சமைக்கமாட்டேன் என்றும் சொன்னதில்லை. உப்புக்கூடப் பார்க்காமல், கொதிக்கிற வாசனையை வைத்தே பக்குவம் சொல்லிவிடுவார். ஒரு நாளும் உப்புக் கூடினதுமில்லை, குறைந்ததுமில்லை.

போன தை மாதம் என் வீட்டுக்காரி சொர்ணவல்லியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாத்தியாருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே. சாப்பிட உட்கார்ந்ததும் என் மனைவியிடம் பழைய கதையை ஆரம்பித்தார். ஒரு காலத்தில் இந்த வீட்டில் மீனும் கறியும் இல்லாமல் சோறு இறங்காது என்றும், தான் ஏழே நாளில் இந்த வீட்டில் சைவத்தை நிலைநாட்டியதாகவும், அதன் பலன் இன்றைக்கும் கண்ணுக்கு நேரே இருப்பதாகவும் சொல்லி, பரிமாறிக்கொண்டிருந்த அக்காவைக் காட்டினார். அரிமளம் வாசகசாலையில் இதைப் பற்றி இரண்டு தடவை பேசியிருக்கிறாராம். சொல்லிக்கொண்டே அயிரை மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்தார்.

சொர்ணவல்லி அக்காவை ஆச்சரியத்தோடு பார்த்தாள். அப்படியா அக்கா, அண்ணன் சொல்லித்தான் விட்டீங்களா என்று கேட்டாள்.

அக்கா குழம்புச் சட்டியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றார். "அவங்க சொல்லாம இந்த வீட்டுல எது நடந்திருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இன்னுங் கொஞ்சம் மீன் வைக்கவா?"

வைங்க அக்கா என்றேன்.